வட சென்னையில் ஒரு குடும்பப் பெயரின் பூர்வீகத்தையும் பரவலையும் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

"எங்க வீட்டுப் பேருக்கு என்ன அர்த்தம்?" தேடத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசி நாளுக்குத் தள்ளி வையுங்கள். பெயர் எந்தக் காகிதத்தில், எந்த ஆண்டில், யார் கையால் எழுதப்பட்டது என்பதுதான் முதல் வேலை. அடுத்தது ஊர். அதற்கப்புறம் பரவல். அர்த்தம் இவை எல்லாவற்றுக்கும் பிறகு. இந்த வரிசையை மாற்றியவர்கள் மாதக்கணக்கில் அலைந்து வேறொரு குடும்பத்தின் பூர்வீகத்தைக் கொண்டுவந்து நின்றதை நேரில் பார்த்திருக்கிறேன்.

என் அம்மா வழி வீட்டுப் பெயரையும், ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் பலருடைய பெயர்களையும் இந்த வழியில்தான் தேடினேன். வழி நெடுக இரண்டு பெயர்களை உதாரணமாகச் சொல்கிறேன். ஒன்று 'கூடூரி', இன்னொன்று 'பெர்னாண்டோ'.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நீள நோட்டு, அல்லது எக்செல் தாள். ஒவ்வொரு பதிவுக்கும் நான்கு கட்டம்: எழுதியிருக்கிறபடியே பெயர், ஆண்டு, இடம், எந்தக் காகிதம். 'எழுதியிருக்கிறபடியே' என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டால், பின்னால் அந்தப் பிழையை வைத்தே தேட வேண்டிய இடத்தில் சிக்கிக்கொள்வீர்கள்.

வீட்டுக்குள் திரட்ட வேண்டியவை: தாத்தா காலத்துப் பள்ளி மாற்றுச் சான்றிதழ், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பழைய ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகைகள், வீட்டுப் பத்திரம், மில் அல்லது துறைமுகம் அல்லது ரயில்வேயில் வேலை பார்த்தவர்களின் பி.எஃப்., பென்ஷன் தாள்கள். இதில் கல்யாணப் பத்திரிகையைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். 'பூர்வீகம்' என்று ஒரு ஊரை அச்சடித்திருப்பது பெரும்பாலும் அதில்தான்.

அப்புறம், பரணில் இருக்கும் பாத்திரங்களை இறக்குங்கள். என் ஆயா வீட்டுப் பித்தளை அண்டாவின் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்து மழுங்கிவிட்டது. டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது புள்ளிகளில் நிழல் விழுந்து படிக்க முடிந்தது. மேலே ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் மெல்லத் தேய்த்தேன், முழுச்சொல்லும் தாளில் ஏறிவிட்டது. தெலுங்கு எழுத்தில் 'கூடூரி'. வீட்டில் ஒருவருக்கும் அந்தச் சொல் நினைவில்லை. 'ஜி' என்ற இனிஷியல் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

2. எந்த வகைப் பெயர் என்று தீர்மானியுங்கள்

வட சென்னையில் 'குடும்பப் பெயர்' என்று சொல்லப்படுவது குறைந்தது ஐந்து வகை. ஒவ்வொன்றையும் தேடும் இடம் வேறு என்பதால் இந்தப் படியைத் தாண்டிப் போக முடியாது.

தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு இண்டிபேரு, அதாவது வீட்டுப் பெயர், உண்டு. அது பெயருக்கு முன்னால் வரும், தலைமுறை தாண்டி மாறாது. பிட்டி தியாகராயரின் 'பிட்டி' அப்படி ஒரு பெயர். ஜார்ஜ் டவுனில் வாழ்ந்து 1844-ல் 'கிரசென்ட்' பத்திரிகையைத் தொடங்கிய காஜுல லட்சுமிநரசு செட்டியின் 'காஜுல' இன்னொன்று.

தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் தகப்பன் பெயரும் ஊர்ப் பெயருமே இனிஷியலாகும். தலைமுறைக்குத் தலைமுறை எழுத்து மாறும். இங்கே தேட வேண்டியது ஊர்ப் பெயர்.

கத்தோலிக்கர்களிடம் பெர்னாண்டோ, ரொசாரியோ, டி குரூஸ் போன்றவை உண்டு. இவற்றுக்கான சாவி பங்குக் கோவில் பதிவேட்டில் இருக்கிறது. ஆங்கிலோ இந்தியக் குடும்பமென்றால் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள மதராஸ் திருச்சபைப் பதிவுகளைப் பார்க்க வேண்டும்.

குப்பங்களில் 'இன்னார் வகையறா' என்பதுதான் குடும்பத்தின் பெயர். பெரும்பாலும் ஒரு மூதாதையின் பெயரோ பட்டப்பெயரோ அது. காகிதத்தில் ஏறியிருக்காது. ஊர்க் கோவிலின் உபயக் கல்வெட்டிலும் வாய்மொழியிலும் மட்டும் கிடைக்கும்.

கடைசி வகை செட்டி, நாயக்கர், முதலி, நாட்டார் போன்ற பட்டங்கள். புதியவர்கள் அதிகமாக இடறுவது இங்கேதான். பட்டத்தைக் குடும்பப் பெயரென்று எடுத்துக்கொண்டால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்து குவியும். பட்டத்தைத் தனியாக எழுதி வையுங்கள், அதை வைத்துத் தேடாதீர்கள். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்ட பிறகு பலர் அதை உதிர்த்துவிட்டார்கள். ஆகவே ஒரே ஆளைப் பட்டத்தோடும் பட்டமில்லாமலும் இரண்டு முறை தேட வேண்டும்.

3. இனிஷியலை விரித்து எழுதுங்கள்

ஒரே எழுத்து இரண்டு விதமாக விரியும். சி.என். அண்ணாதுரையின் 'சி' காஞ்சிபுரத்தின் பழைய ஆங்கில வடிவமான 'Conjeevaram' என்பதன் முதல் எழுத்து. சி. ராஜகோபாலாச்சாரியின் 'சி' அவர் தகப்பனார் பெயரான சக்ரவர்த்தி. எழுத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

அதனால் குடும்பத்தில் மூன்று தலைமுறை ஆண்களின் முழு இனிஷியலையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். மாறாமல் நிற்கும் எழுத்து ஊராகவோ வீட்டுப் பெயராகவோ இருக்கும். மாறிக்கொண்டே வருவது தகப்பன் பெயர்.

ஒரு எச்சரிக்கை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் போய்வரும்போது எழுத்தே மாறிவிடும். என் தாத்தாவுக்குப் பள்ளிச் சான்றிதழில் 'ஜி'. அவர் தம்பிக்கு மில் தாளில் 'கே'. யாரோ ஒருவர் தமிழில் 'கூ.' என்று எழுதியிருக்கிறார், அடுத்தவர் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது 'கே' ஆக்கிவிட்டார். உடன்பிறந்த இருவர் இரண்டு வீட்டுக்காரர்களாகத் தெரிந்தார்கள். க, ச, ட, த, ப ஐந்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

4. பெரியவர்களிடம் கேளுங்கள், ஆனால் நேராகக் கேட்காதீர்கள்

"நம்ம பூர்வீகம் எது?" என்று கேட்டால் "நாமெல்லாம் இந்த ஊர்தான்" என்று முடித்துவிடுவார்கள். சுற்றி வளைத்துக் கேட்க வேண்டும். குலதெய்வம் எங்கே? முதல் மொட்டை எந்த ஊரில் அடிப்பீர்கள்? சாவுக்கு யார் யாருக்குச் சொல்லி அனுப்புவீர்கள்? தாத்தா லீவுக்கு எந்த ஊருக்குப் போவார், எந்த ஸ்டேஷனில் இறங்குவார்?

தெலுங்குக் குடும்பங்களில் இன்னொரு கேள்வி பலமான சோதனை: "அந்த வீட்டில் பெண் எடுப்போமா?" எடுக்க மாட்டோம் என்றால் அவர்கள் பங்காளிகள், ஒரே இண்டிபேராக இருக்க வாய்ப்புண்டு. எடுப்போம் என்றால் பெயர் ஒன்றாக ஒலித்தாலும் கிளை வேறு. பெயரை மறந்தவர்கள்கூட இந்தக் கணக்கை மறப்பதில்லை.

பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். ஆண்கள் தகப்பன் வழியை மட்டும் சொல்வார்கள். கல்யாணமாகி வந்த அத்தையும் பெரியம்மாவும் இரண்டு வீட்டுப் பெயரையும் வைத்திருப்பார்கள். பேச்சை அலைபேசியில் பதிவு செய்ய முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். சாதி, மதமாற்றம், இரண்டாம் கல்யாணம் என்று பேச்சு திரும்பினால் பதிவை நிறுத்திவிடுங்கள். அது அவர்கள் வாழ்க்கை.

5. எழுத்து வடிவங்களின் பட்டியல் போடுங்கள்

எந்த அலுவலகத்துக்கும் போகும் முன் இதை முடித்துவிடுங்கள். தேடல் என்பது எழுத்தை வைத்துத்தான். வடிவம் தெரியாவிட்டால் பதிவு கண்ணெதிரே இருந்தும் கிடைக்காது.

கூடூரிக்கு நான் போட்ட பட்டியலில் கூடூரி, கூடூர், கூடுரு, குடூரி, குடுரி இருந்தன. ஆங்கிலத்தில் 'ஜி'யில் தொடங்கும் வடிவங்களும் 'கே'யில் தொடங்கும் வடிவங்களும் தனி. காஜுல என்பதையும் காஜுலு, கஜலா, காசுலு என்று தேட வேண்டும்.

கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்னும் கவனம் தேவை. ஒரே ஆள் கோவில் புத்தகத்தில் ஒரு பெயரிலும் தெருவில் ஒரு பெயரிலும் இருப்பார். இராயப்பன் என்றால் பீட்டர், சின்னப்பன் என்றால் பால், அருளப்பன் என்றால் ஜான், சூசை என்றால் ஜோசப், சவரிமுத்து என்றால் சேவியர், யாகப்பன் என்றால் ஜேம்ஸ். பழைய பதிவேடு லத்தீனில் இருந்தால் பேத்ருஸ், பவுலுஸ், யோவான்னஸ் என்று மூன்றாவது வடிவமும் சேரும். ராயபுரம் என்ற ஊர்ப் பெயரையே இராயப்பரோடு சேர்த்துச் சொல்வது இந்தப் பக்கத்து வழக்கம்.

6. காகிதத்தில் பின்னோக்கி நடங்கள்

விதி ஒன்றுதான்: இன்றிலிருந்து பின்னால் போங்கள். உங்கள் தகப்பன், அவர் தகப்பன் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு காகிதம் வேண்டும். நூறாண்டுக்கு முந்தைய புகழ்பெற்ற ஒருவரைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து கீழே இறங்கி வந்தால் எப்படியாவது அவரை உங்கள் தாத்தாவோடு ஒட்டவைத்துவிடுவீர்கள்.

முதலில் பிறப்பு, இறப்புப் பதிவு. சென்னை மாநகராட்சி இணையதளத்திலேயே பலவற்றைப் பார்க்கலாம். பழையதற்கு மண்டல அலுவலகத்துக்குப் போக வேண்டும். வட சென்னைக்கு திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்கள். பழைய பிறப்புப் பதிவு பலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது, 'ஆண்' என்று மட்டும் இருக்கும். ஆகவே தகப்பன், தாய் பெயரை வைத்தும் தேதியை வைத்தும் தேடுங்கள்.

இங்கே எல்லை மாற்றத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். திருவொற்றியூர் முதலில் செங்கல்பட்டு மாவட்டம், 1997-ல் திருவள்ளூர் மாவட்டம், 2011-ல் சென்னை மாநகராட்சி, 2018-ல்தான் சென்னை மாவட்டம். தாத்தா பிறந்தது திருவொற்றியூரில் என்றால் 'செங்கல்பட்டு' என்று போட்டிருக்கும் காகிதமும் சரியானதே. ஊர் மாறி வந்தார்கள் என்று கதை கட்டிவிடாதீர்கள்.

அடுத்து வீட்டுப் பத்திரம். என் அனுபவத்தில் மிக அதிகமாகப் பேசும் காகிதம் இதுதான். பழைய கிரயப் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் தகப்பன் பெயர், பட்டம், தொழில், குடியிருக்கும் தெரு எல்லாம் வரும். சில சமயம் பூர்வீக ஊரும் வரும். வில்லங்கச் சான்று போட்டுப் பத்திர எண்ணை எடுத்து, அந்த எண்ணுக்கு நகல் கேளுங்கள். பதிவுத்துறை இணையதளம் பல அலுவலகங்களுக்கு 1975 வரை பின்னால் போகும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத்தான் தேட முடியும். உங்களிடம் தாய்ப்பத்திரம் இருந்தால் இந்த அலைச்சலில் பாதி மிச்சம்.

தெருப் பெயரிலும் ஒரு கண் வையுங்கள். 1978-க்குப் பிறகு பல தெருக்களின் பெயரிலிருந்து சாதிப் பட்டம் எடுக்கப்பட்டது. பத்திரத்தில் உள்ள தெரு இன்று இல்லை என்று முடிவு கட்டும் முன், பட்டத்தை நீக்கிப் படித்துப் பாருங்கள்.

கத்தோலிக்கர்கள் பங்குத்தந்தையிடம் எழுத்தில் அனுமதி கேட்டுப் பதிவேட்டைப் பார்க்கலாம். ஞானஸ்நானப் பதிவில் ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நெருங்கிய உறவினர்தான் அங்கே நிற்பார்கள், அவர்கள் பெயர் வழியாக அடுத்த கிளை திறக்கும். அதைவிடவும் நல்லது கல்யாணப் பதிவு. ஓலை வாசிக்க, அதாவது கல்யாணத்தைக் கோவிலில் முன்கூட்டி அறிவிக்க வேண்டியிருப்பதால் மணமகன், மணமகளின் சொந்தப் பங்கு எதுவென்று பதிந்திருப்பார்கள். ராயபுரத்தில் இருக்கும் ஒரு பெர்னாண்டோ தூத்துக்குடியா, மணப்பாடா, கொழும்பா என்பது அந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும்.

அரசிதழில் வரும் பெயர் மாற்ற அறிவிப்புகளையும் விடாதீர்கள். பழைய பெயர், புதிய பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம் எல்லாம் ஒரே பத்தியில் இருக்கும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் பழைய தொகுதிகளைக் கேட்கலாம். அடையாள அட்டையும், என்ன தேடுகிறீர்கள் என்று தெளிவாக எழுதிய கடிதமும் கொண்டுபோங்கள். "குடும்ப வரலாறு" என்று பொதுவாகக் கேட்டால் எந்தத் தொகுதியை எடுத்துத் தருவது என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரியாது. ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள்.

7. ஊரை உறுதி செய்யுங்கள்

தெலுங்கு வீட்டுப் பெயர்களில் பெரும்பகுதி ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. ஊர் 'ஊரு' என்று முடிந்தால் வீட்டுப் பெயர் 'ஊரி' ஆகும், 'பாடு' என்று முடிந்தால் 'பாட்டி' ஆகும். கூடூரு, கூடூரி அப்படித்தான்.

சரி, கூடூர் என்றதும் எல்லோரும் ரயில் போகிற நெல்லூர்ச் சீமைக் கூடூரைத்தான் நினைப்பார்கள். 2022-ல் திருப்பதி மாவட்டத்தில் சேர்த்தார்களே, அந்த ஊர். ஆனால் கர்னூல் பக்கம் ஒரு கூடூர், கிருஷ்ணா மாவட்டத்தில் ஒரு கூடூர், தெலங்கானாவில் ஒரு கூடூர் என்று பல உண்டு. பக்கத்தில் இருப்பதால் அதுதான் நம் ஊர் என்று ஆகாது. எனக்கு ஒரு பழைய பத்திரத்தில் 'நெல்லூர் ஜில்லா' என்ற இரண்டு சொல் கிடைத்த பிறகே அந்தக் கட்டத்தை நிரப்பினேன்.

1953-ல் ஆந்திரம் பிரியும் வரை நெல்லூரும் சித்தூரும் சென்னை மாகாணத்துக்குள்ளேயே இருந்தன. அங்கிருந்து தண்டையார்பேட்டைக்கு வந்தவர் வேற்று மாநிலத்துக்கு வந்தவராக எந்தக் காகிதத்திலும் தெரிய மாட்டார்.

ஊர்ப் பெயரை வைத்து வந்த வீட்டுப் பெயர் பல சாதிகளிலும் இருக்கும். ஒரே ஊரிலிருந்து கிளம்பிய எல்லோருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் உறவு ஆகிவிடாது. கோத்திரம், குலதெய்வம், பெண் எடுக்கும் வழக்கம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

8. பரவலை வரைபடத்தில் போடுங்கள்

வாக்காளர் பட்டியல்தான் இதற்கு அடிப்படை. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பாகம் வாரியாகக் கிடைக்கும். 2002, 2005 தீவிரத் திருத்தப் பட்டியல்களும் அங்கே வெளியாகியுள்ளன. ராயபுரம், டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், திருவொற்றியூர், துறைமுகம் என்று தொகுதி தொகுதியாகப் போங்கள். தகப்பன் பெயர்க் கட்டத்தைக் கட்டாயம் படியுங்கள், பல இனிஷியல்கள் அங்கேதான் அவிழும்.

தலையை எண்ணாதீர்கள், கதவு எண்ணை எண்ணுங்கள். ஒரே வீட்டில் எட்டு வாக்காளர் இருந்தால் அது எட்டுக் குடும்பம் இல்லை. பின்கோடு வாரியாகப் புள்ளி வையுங்கள்: 600013 ராயபுரம், 600021 வண்ணாரப்பேட்டை, 600081 தண்டையார்பேட்டை, 600019 திருவொற்றியூர், 600039 வியாசர்பாடி, 600011 பெரம்பூர்.

புள்ளிகள் கூடும் இடத்தில் நின்று, அங்கே என்ன வேலை கிடைத்தது என்று பாருங்கள். பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் மில், ராயபுரத்தில் 1856-ல் தொடங்கிய ரயில் நிலையமும் துறைமுக வேலையும், காசிமேட்டில் மீன்பிடி, வியாசர்பாடியில் 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் குடியிருப்பு. புள்ளிக் கூட்டமும் வேலையும் பொருந்தினால் வந்த காலம் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும்.

குடும்பப் பெயர்ப் பரவலைக் காட்டும் உலகளாவிய இணையதளங்களைத் தமிழ்ப் பெயருக்கு நம்ப வேண்டாம். நம் தகப்பன் பெயரைக் கடைசிப் பெயராக எடுத்துக்கொண்டு, முருகனும் செல்வமும் குடும்பப் பெயரென்று அவை கணக்குக் காட்டுகின்றன. கூடூரி, பெர்னாண்டோ போன்ற நிலையான பெயருக்கு ஓரளவு உதவும்.

9. கடல் கடந்த கிளைகள்

இதை எல்லோரும் செய்ய வேண்டியதில்லை. வீட்டில் 'கப்பலேறிப் போனவர்' பேச்சு இருந்தால் மட்டும் பாருங்கள். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம் வரை உண்டு. ஆனால் அங்கே போனபின் தகப்பன் பெயரோ பட்டமோ நிரந்தரக் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. முதலியார் 'மூட்லி' ஆனதும் அப்படித்தான். அங்குள்ள குடும்பப் பெயரை இங்குள்ள குடும்பப் பெயரோடு நேராகப் பொருத்தாதீர்கள், கிராமத்தை வைத்துப் பொருத்துங்கள்.

10. இப்போது அர்த்தம்

இந்த இடத்துக்கு வந்தபின் அகராதியைத் திறக்கலாம். அப்போதும் ஒலியை நம்பி இறங்காதீர்கள். ஜார்ஜ் டவுனில் 'அரண்மனைக்காரன் தெரு' இருக்கிறது. தமிழ்க் காதுக்கு அரண்மனைதான் கேட்கும். அது ஆர்மீனியர் தெரு, ஆர்மீனியர் கோவில் இன்றும் அங்கே நிற்கிறது. வீட்டுப் பெயருக்கும் இதே கதி நேரும்.

அர்த்தம் சரியாக இருந்தாலும் அது குடும்பத்தின் தொழிலைச் சொல்லாமல் போகலாம். காஜுல என்றால் தெலுங்கில் வளையல். லட்சுமிநரசு செட்டியின் வீட்டார் செய்ததோ அவுரி வணிகம். வளையல் எந்தத் தலைமுறையில் வந்து சேர்ந்தது என்பதற்குத் தனி ஆதாரம் வேண்டும்.

போர்ச்சுக்கீசியப் பெயர்களில் இது இன்னும் தெளிவு. மச்சாடோ என்றால் கோடரி, கோஸ்தா என்றால் கடற்கரை, பெரைரா என்றால் பேரிக்காய் மரம். இவை அந்த மொழிக்காரர்களின் பூர்வீகத்தைச் சொல்பவை. 1530-களில் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது, ஞானத்தகப்பனாக நின்ற போர்ச்சுக்கீசியர்களின் பெயர்களை ஏற்றார்கள். அதனால் பெர்னாண்டோ என்ற பெயர் போர்ச்சுக்கீசிய ரத்தத்துக்குச் சான்று ஆகாது. 'பெர்னாண்டஸ்' வேறு வடிவம், அது கோவா, மங்களூர்ப் பக்கம் அதிகம். தூத்துக்குடியிலும் இலங்கைக் கடற்கரையிலும் பெருகியது 'பெர்னாண்டோ'. கடைசி எழுத்தை விட்டுவிட்டுத் தேடினால் திசையே மாறிவிடும்.

முடிவை எழுதும்போது, எதற்கு எத்தனை ஆதாரம் என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள். அடுத்து தேடப்போகும் பிள்ளை எங்கே தொடர வேண்டுமென்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளும். என் நோட்டில் அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது: "கூடூரி. கூடூரைச் சேர்ந்த. அண்டா எழுத்து, பங்காளி வீட்டு வாய்மொழி, இரண்டு பத்திரம். நெல்லூர் ஜில்லா என்பதற்கு ஒரு பத்திரம் மட்டும். தாத்தாவின் தகப்பனுக்கு முன்னால் காகிதம் இல்லை."